விலா என்பு முறிவுக்குச் சத்திரசிகிச்சை: தேவையும் விலையும்

மருத்துவத்தைத் தூய விஞ்ஞானம் என்று மட்டும் நோக்கும் போக்கு நம்மிடையே இன்னும் நிலவுகிறது. ஒரு நோய்க்கு உகந்த சிகிச்சை எது என்னும் வினாவுக்கு ஆய்வுகூடமும் சத்திரசிகிச்சைக்கூடமும் விடையளிக்கும் என்றும், அச்சிகிச்சையை யார் பெறுகின்றனர் என்பது வேறொரு வினா என்றும் நாம் எண்ணப் பழகியுள்ளோம். ஆனால் இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று ஊடறுப்பன. சிகிச்சை எத்தகைய சூழலில் உருவானது, அதன் கருவிகளை யார் செய்கின்றனர், எவ்விலைக்கு விற்கின்றனர் என்பன அச்சிகிச்சையின் வடிவத்தையே தீர்மானிக்கின்றன. இவ்வுண்மையை விளக்குவதற்கு விலா என்பு முறிவை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

விலா என்பு முறிவு அரிய நோயன்று. வீதி விபத்துக்களில் நெஞ்சில் அடிபடுவோர், பனை தென்னை முதலிய மரங்களிலிருந்து விழுவோர், கட்டடச் சாரத்திலிருந்து தவறுவோர், சுமை சரிந்து நசுக்கப்படுவோர் ஆகியோர் இதற்கு உள்ளாகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் உடலுழைப்பால் வாழ்பவர்கள். கடந்த கால் நூற்றாண்டில், கடுமையான விலா முறிவுகளை உலோகத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்தும் சத்திரசிகிச்சை செல்வந்த நாடுகளிற் பரவியுள்ளது. வளங்குறைந்த நாடுகளில் இதற்கு இடமுண்டா, உண்டெனின் எவ்வகையில் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெஞ்சறையின் இயக்கம்

முதலில் உடலமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். மனிதனின் நெஞ்சறை 12 சோடி விலா என்புகளால் ஆனது. முதல் 7 சோடிகள் மார்பென்புடன் நேரடியாகக் கசியிழையத்தால் இணைந்துள்ளன. அடுத்த 3 சோடிகள் மேலுள்ள கசியிழையத்தைப் பற்றி நிற்கின்றன. இறுதி 2 சோடிகள் முன்புறத்திற் பற்றின்றி முடிகின்றன. என்புகளுக்கிடையே விலாவிடைத் தசைகளும், ஒவ்வோர் என்பின் கீழோரத்தையும் ஒட்டி விலாவிடை நரம்பும் குருதிக் கலன்களும் செல்கின்றன. நரம்பு என்பை ஒட்டிச் செல்வதனாலேயே விலா முறிவு தாங்கொணா நோவைத் தருகிறது. இவ்விபரத்தைச் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கூறும்போது மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

கால் என்பு முறிந்தால் அதனை அசையாது வைத்துக் குணமாக்கலாம். விலா என்பை அவ்வாறு ஓய்வில் வைக்க இயலாது. நிமிடத்திற்கு 15 தடவை சுவாசிக்கும் ஒருவரின் விலா என்பு நாளொன்றுக்கு 21,600 தடவை அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் முறிந்த முனைகள் உரசுகின்றன. நோவுக்கு அஞ்சி நோயாளி ஆழமாக மூச்செடுப்பதைத் தவிர்க்கிறார், இருமுவதையும் அடக்குகிறார். இதனால் நுரையீரலின் கீழ்ப்பகுதி விரிவடையாது சுருங்குகிறது, சளி தேங்குகிறது, தேங்கிய சளியிற் கிருமிகள் பெருகி நியூமோனியா தோன்றுகிறது. ஆகவே விலா முறிவில் உயிருக்குக் கேடு விளைப்பது பெரும்பாலும் முறிந்த என்பு அன்று. அதனால் தடைப்படும் மூச்சும் இருமலுமே ஆகும்.

வயது இவ்வாபத்தைப் பெருக்குகிறது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நிகழ்த்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே விலா முறிவினால் 22 சதவீதத்தினர் இறந்தனர் என்றும், இளையோரிடையே இவ்வீதம் 10 மட்டுமே என்றும் காட்டியது. முதியோரில் மேலதிகமாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் இறப்பு அபாயம் 19 சதவீதத்தாலும் நியூமோனியா அபாயம் 27 சதவீதத்தாலும் உயர்வதாக அவ்வாய்வு கணித்தது.

இவற்றுள் மிகக் கடுமையானது, அடுத்தடுத்துள்ள மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டிடங்களில் முறியும் நிலையாகும். அப்போது நெஞ்சறைச் சுவரின் ஒரு துண்டு ஏனைய பகுதியினின்றும் விடுபட்டு விடுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு விரிய, இத்துண்டு மட்டும் உள்ளே அமிழ்கிறது; மூச்சை வெளிவிடும்போது வெளியே தள்ளுகிறது. இந்நிலையைத் ‘துவள் நெஞ்சு’ என இக்கட்டுரையிற் குறிப்போம். இதனை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மேலாடையை அகற்றி, நல்ல வெளிச்சத்தில், நோயாளி மூச்சுவிடுவதை ஒரு நிமிடம் கூர்ந்து நோக்கினாற் பெரும்பாலும் போதுமானது.

சிகிச்சை பற்றிய கருத்து மாறியமை

துவள் நெஞ்சுக்கான சிகிச்சையின் வரலாறு, கருத்துக்கள் முன்னும் பின்னும் அசைந்தமையைக் காட்டும் வரலாறாகும். முற்காலத்தில் நெஞ்சைத் துணியாலும் ஒட்டுப் பட்டிகளாலும் இறுகச் சுற்றிக் கட்டினர். இது நோவைச் சற்றே குறைத்தாலும் நெஞ்சு விரிவதைத் தடுத்தமையால் பின்னர் கைவிடப்பட்டது. 1926 இல் ஜோன்ஸ், ரிச்சட்சன் என்போர் மார்பென்பைக் கொளுவியாற் பற்றி வெளிப்புறமாக இழுத்து நிறுத்தும் முறையை விவரித்தனர். 1956 இல் ஏவரி, மோர்ச், பென்சன் ஆகியோர் செயற்கைச் சுவாசப் பொறியைப் பயன்படுத்தி, வளி அமுக்கத்தால் நெஞ்சறையை உள்ளிருந்தே தாங்கி நிறுத்தலாம் என எடுத்துக்காட்டினர். அதன்பின் இரண்டு தசாப்தங்களாகத் துவள் நெஞ்சு என்றாலே சுவாசப் பொறி என்னும் நிலை உருவாயிற்று.

1975 இல் ட்ரிங்கிளும் அவருடைய சகாக்களும் இதனைக் கேள்விக்குட்படுத்தினர். நோயாளியின் சுவாசத்தைக் குலைப்பது என்புகளின் ஆட்டத்தைக் காட்டிலும் அதன் கீழுள்ள நுரையீரலின் கன்றலே என்றும், நோவை அடக்கி, திரவங்களை அளவாகக் கொடுத்து, சளியை வெளியேற்றினால் பலருக்குப் பொறியே வேண்டியதில்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். இக்கருத்து இன்றும் பெரும்பாலும் வலுவுடையதாகவே உள்ளது. இதே காலப்பகுதியில், 1973 இல், பிரான்சிய சத்திரசிகிச்சை நிபுணரான றொபேட் ஜூடே விலா என்பைக் கவ்விப்பிடிக்கும் உலோகப் பற்றி ஒன்றை விவரித்தார். என்பை நேரடியாகப் பொருத்தும் முறை இவ்வாறு வளர்ந்தபோதிலும், அது பரவலாவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

சோதனைகள் கூறுவன

ஒரு சிகிச்சையின் பயனை அறிவதற்கு நோயாளிகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுவதே சிறந்த வழி. யப்பானில் தனாக்காவும் சகாக்களும் துவள் நெஞ்சுடைய 37 பேரை இவ்வாறு ஆராய்ந்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். சத்திரசிகிச்சை பெற்றோர் சராசரி 10.8 நாட்களும், பெறாதோர் 18.3 நாட்களும் சுவாசப் பொறியில் இருந்தனர். நியூமோனியா முன்னவரில் 24 சதவீதத்தினரிடமும் பின்னவரில் 77 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆறு மாதங்களுக்குள் முழுநேர வேலைக்குத் திரும்பியோர் முன்னவரில் 18 பேரில் 11 பேர். பின்னவரில் 19 பேரில் ஒருவர் மட்டுமே. மொத்த மருத்துவச் செலவு முன்னவருக்கு 13,455 டொலராகவும் பின்னவருக்கு 23,423 டொலராகவும் இருந்தது.

எகிப்திய மருத்துவர்கள் பங்குகொண்டு 2005 இல் வெளியான இன்னோர் ஆய்வு, நமது பொருளுக்கு இதனினும் நெருக்கமானது. அதில் ஆராயப்பட்ட 40 பேரில் சத்திரசிகிச்சை பெற்றோருக்கு விலையுயர்ந்த தகடுகள் பயன்படுத்தப்படவில்லை. சாதாரண உருக்குக் கம்பிகளும் என்பினுள் செலுத்தும் ஊசிக்கம்பிகளுமே பயன்பட்டன. அவ்வாறிருந்தும் பொறியில் இருந்த காலம் 12 நாட்களிலிருந்து 2 நாட்களாகக் குறைந்தது. மெல்பேண் நகரில் 46 பேரை ஆராய்ந்து 2013 இல் வெளியான மூன்றாவது ஆய்வும் தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கும் காலம் குறைந்ததைக் காட்டியது. இம்மூன்று ஆய்வுகளின் 123 பேரையும் தொகுத்து நோக்கிய 2015 ஆம் ஆண்டின் கொக்றேன் மதிப்பாய்வு, நியூமோனியாவும் நெஞ்சின் உருக்கேடும் வாதனாளியில் துளையிடும் தேவையும் குறைந்தன என்றும், ஆயின் இறப்பில் வேறுபாடு நிறுவப்படவில்லை என்றும் முடிவுசெய்தது.

எனினும் சாதகமான முடிவுகளை மட்டும் எடுத்துரைப்பது ஆய்வு நேர்மையாகாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 207 பேரை உள்ளடக்கி 2022 இல் வெளியான பெரிய ஆய்வில், பொறியின்றிச் சுவாசித்த நாட்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் இடையே ஐயத்துக்கிடமற்ற வேறுபாடு காணப்படவில்லை. பொறியில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தோர் மட்டும் ஓரளவு பயன்பெற்றிருக்கலாம் என்றே அது சுட்டியது. அதே ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று, பொறி தேவைப்படாத 124 நோயாளிகளை நோக்கி, மூன்று மாதங்களின் பின் நோவிலோ வாழ்க்கைத் தரத்திலோ சத்திரசிகிச்சையால் மேம்பாடு இல்லை எனக் கண்டது.

இவ்வாய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. முறிவு எவ்வளவு கடுமையோ, சுவாசம் எவ்வளவு குலைந்துள்ளதோ, அவ்வளவுக்குச் சத்திரசிகிச்சையின் பயன் மிகுகிறது. துவள் நெஞ்சினால் மூச்சுத் திணறுவோர், என்பு முனைகள் பெரிதும் விலகி நெஞ்சறை குழிந்துபோனோர், எல்லா நோவகற்றிகளும் கொடுத்தும் இரும இயலாதோர், வேறு காரணத்துக்காக நெஞ்சறை திறக்கப்படுவோர் ஆகியோரே இதற்கு உரியவர்கள். நுரையீரல் கடுமையாகக் கன்றியவர்களிலும் தலையிற் கடுங்காயமுற்றவர்களிலும் பயன் குறைவு. ஒன்றிரண்டு விலாக்கள் விலகாது முறிந்த பெருந்தொகையினருக்குத் தகடு தேவையே இல்லை.

ஒரு முரண்பாடு

இங்கு நாம் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கிறோம். விலா என்புச் சத்திரசிகிச்சை செல்வந்த வைத்தியசாலைகளின் ஆடம்பரம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் முதன்மையான பயன் சுவாசப் பொறியில் இருக்கும் நாட்களைக் குறைப்பதாகும். பொறிகள் தாராளமாக உள்ள வைத்தியசாலையில் நோயாளி இன்னும் ஒரு வாரம் பொறியில் இருந்தால் செலவு கூடும். அவர் பிழைக்கும் வாய்ப்புப் பெரிதாக மாறுவதில்லை. நான்கைந்து பொறிகளே உள்ள மாவட்ட வைத்தியசாலையில் அதே ஒரு வாரம் இன்னொரு நோயாளிக்குப் பொறி மறுக்கப்படுவதைக் குறிக்கும். பொறியே இல்லாத இடத்திலோ நெஞ்சை உறுதியாக்குதல் அல்லது இறப்பு என்னும் இரண்டு வழிகளே சிலருக்கு எஞ்சுகின்றன. ஆகவே தர்க்கரீதியாக நோக்கின், இச்சிகிச்சையின் தேவை வளம் குறைந்த இடத்திற் குறைவதில்லை. சிலருக்கேனும் அது கூடுகிறது.

ஆயினும் இத்தர்க்கத்தை அளவுமீறிக் கொண்டுசெல்லலாகாது. மேற்கூறிய சோதனைகள் யாவும் பயிற்சிபெற்ற தாதியரும் ஒட்சிசனும் குருதியும் கிருமியகற்றிய கருவிகளும் உள்ள நிலையங்களில் நிகழ்ந்தவை. இவை இல்லாத இடத்தில் நெஞ்சைக் கீறித் தகடு பதிப்பது நோயாளியை இரட்டை ஆபத்துக்கு உள்ளாக்கும். எனவே தகட்டுக்கு முன் வரவேண்டியவை எவை என்பதை நோக்குதல் அவசியமாகும்.

தகட்டுக்கு முன் வருவன

முதலாவது, நோவை அடக்குதல். பரசிற்றமோல், அழற்சியைத் தணிக்கும் மருந்துகள், அளவான மோர்பீன், விலாவிடை நரம்பைச் சுற்றி இடும் உணர்வகற்றி ஊசி, முள்ளந்தண்டருகே செலுத்தும் நுண்குழாய் ஆகியவற்றை நிலைமைக்கேற்ப இணைத்துப் பயன்படுத்தினால் நோயாளி ஆழமாக மூச்செடுப்பார், இருமுவார். இவற்றுள் எதுவும் புதுமையானதன்று, பெரும்பாலானவை மலிவானவை. எனினும் இவை எல்லோருக்கும் கிட்டுவதில்லை. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழுவொன்று 2017 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் பகிரப்பட்ட 298.5 மெற்றிக் தொன் மோர்பீன் நிகர் மருந்துகளில் 0.1 தொன் மட்டுமே குறைந்த வருமான நாடுகளைச் சென்றடைந்தது. மோர்பீனைச் செய்வதற்கு அரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. ஆகவே இப்பற்றாக்குறைக்குக் காரணம் விஞ்ஞானத்தின் இயலாமை அன்று என்பது வெளிப்படை.

இரண்டாவது, நெஞ்சறையில் தேங்கும் வளியையும் குருதியையும் வெளியேற்றுதல். ஜேர்மனிய மருத்துவர் பியூலோ 1891 இல் விவரித்த நீர்முத்திரைக் குழாய்முறை இன்றும் இதன் அடிப்படையாக உள்ளது. புடைக்குழியிற் செலுத்திய குழாயின் மறுமுனையை ஒரு போத்தலின் நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் வளி வெளியேறும், திரும்ப உட்செல்லாது. கிருமியகற்றிய கண்ணாடிப் போத்தலும் றப்பர்க் குழாயும் சிறிதளவு நீரும் இதற்குப் போதுமானவை. போத்தலை எப்போதும் நோயாளியின் நெஞ்சுக்குக் கீழான மட்டத்தில் வைத்தல் வேண்டும் என்னும் விதியைத் தாதியரும் நோயாளியின் உறவினரும் அறிந்திருப்பது, போத்தலின் தரத்தைக் காட்டிலும் முக்கியமானது.

மூன்றாவது, மூச்சுப் பயிற்சி. நோயாளியைப் படுக்கவிடாது நிமிர்த்தி உட்காரச் செய்தல், முதல் நாளிலிருந்தே நடக்கச் செய்தல், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமக் கற்பித்தல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. ஆள் மட்டுமே வேண்டும். இயன்மருத்துவர் ஒருவர் விடுதிக்கு நாள்தோறும் வருவது பல நோயாளிகளைச் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குச் செல்லாது காக்கும். இம்மூன்றும் செவ்வனே நிகழும் வைத்தியசாலையே நான்காவது படியாகிய தகட்டைப் பற்றிச் சிந்திக்கும் தகுதியுடையது.

தகடும் அதன் பதிலிகளும்

விலா என்புக்கெனச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட தைத்தேனியத் தகடுகள் இன்று சந்தையில் உள்ளன. இவை என்பின் வளைவுக்கேற்ப முன்கூட்டியே வளைக்கப்பட்டவை. இவற்றின் திருகாணிகள் தகட்டுடனேயே பூட்டிக்கொள்வன. பல விலாக்களைப் பொருத்தும் ஒரு சத்திரசிகிச்சையில் இவற்றின் விலை மட்டுமே பல ஆயிரம் டொலரை எட்டக்கூடும். இவற்றுக்குப் பதிலாக எவற்றைப் பயன்படுத்தலாம்?

என்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிகழும் வைத்தியசாலைகளிற் பொதுவாகக் கையிருப்பில் இருப்பவை துருப்பிடியா உருக்காலான தகடுகளாகும். இடுப்பென்பு முறிவுக்குப் பயன்படும் 3.5 மில்லிமீற்றர் திருகாணிக்குரிய வளைதகடுகளும், கணுக்காலுக்குப் பயன்படும் மெல்லிய தகடுகளும் விலா என்பிலும் பயன்படுத்தப்பட்டுள்ளன. சத்திரசிகிச்சையாளர் மேசையிலேயே அவற்றை என்பின் வளைவுக்கேற்ப வளைத்து, முறிவின் இருபுறமும் திருகாணிகளை இறுக்குகிறார். முறிவு கண்ணாற் காணவும் விரலாற் தடவவும் கூடியதாக இருப்பதால், சத்திரசிகிச்சையின்போது எக்ஸ் கதிர்த் திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வளங்குறைந்த வைத்தியசாலைக்கு இது பெருவசதியாகும்.

ஆயின் உருக்குத் தகட்டின் குறைகளையும் கூறவேண்டும். அது தைத்தேனியக் கலப்புலோகத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பானது. விலா என்போ மெல்லிய புறப்படையும் மென்மையான உட்பகுதியும் கொண்டு, மூச்சுடன் வளைந்து கொடுப்பது. வளையும் என்பில் வளையாத தகட்டைப் பதித்தால், நாளொன்றுக்கு இருபதினாயிரத்துக்கும் மேலான அசைவுகளின் விசை திருகாணிகளின் மீது குவிகிறது. முதியோரின் நலிந்த என்பில் அவை தளர்ந்து வெளிவரக்கூடும். எனவே தடித்த தகட்டைத் தவிர்த்து மெல்லிய, நீண்ட தகட்டைத் தெரிதலும், முறிவின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது மூன்று திருகாணிகளை என்பின் இரு படைகளையும் ஊடுருவுமாறு இடுதலும் வேண்டும். துளையிடும் அலகு என்புக்கு அப்பாற் சென்று நுரையீரலைக் குத்தாதவாறு அதற்குத் தடை இடுதலும் இன்றியமையாதது.

இதனினும் மலிவானவை கம்பிகள். எகிப்திய மருத்துவர்களின் ஆய்வு அவற்றின் பயனைக் காட்டியது என முன்னர் கண்டோம். எனினும் அவற்றின் ஆபத்து நன்கறியப்பட்டது. நெஞ்சறைப் பகுதியிற் பதிக்கப்பட்ட வழுவழுப்பான ஊசிக்கம்பிகள் காலப்போக்கில் இடம்பெயர்ந்து, நுரையீரலையும் இதயத்தையும் பெருங்குருதிக் கலன்களையும் ஊடுருவிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்திற் பதிவாகியுள்ளன. அவற்றின் முனையை வளைத்து விடுதலும், நோயாளியைக் குறித்த காலத்தில் மீண்டும் அழைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தலும் கட்டாயமாகும். நெடுந்தொலைவிலிருந்து வந்து, மறுமுறை வரப் பேருந்துக் கட்டணமோ ஒருநாட் கூலியை இழக்கும் வசதியோ இல்லாத தொழிலாளிக்கு இந்நிபந்தனை நிறைவேறுமா என்பதையும் எண்ணவேண்டும். மலிவான கம்பி இவ்வாறு பின்னர் விலையுயர்ந்ததாக மாறிவிடலாம்.

விலாவைச் சுற்றிக் கம்பியாலோ தடித்த நூலாலோ கட்டும் முறையும் உண்டு. என்பின் கீழோரத்தில் நரம்பு செல்வதை முன்பு குறிப்பிட்டோம். கட்டு அந்நரம்பையும் சேர்த்து இறுக்குமாயின் நோயாளி நீண்டகால நோவுக்கு ஆளாவார். நூல் என்பை நேர்ப்படுத்தி வைக்குமேயன்றித் துவள் நெஞ்சின் பாரத்தைத் தாங்காது. ஆகவே இம்முறைகளைத் தகடு கிடையாத நெருக்கடியில், நரம்பை விலக்கிக் கவனமாகச் செய்யவேண்டியவை எனக் கொள்ளல் தகும்.

செலவைக் குறைக்கும் இன்னொரு வழி, பொருத்தும் முறிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாகும். முதலிரு விலாக்களும் இறுதி இரு விலாக்களும் வழக்கமாகப் பொருத்தப்படுவதில்லை. மூச்சுக்குப் பெரிதும் உதவும் நடு விலாக்களே முக்கியமானவை. எல்லா முறிவுகளையும் தேடிப் பொருத்தாது, துவளும் துண்டை உறுதியாக்கப் போதுமானவற்றை மட்டும் தெரிந்து பொருத்தினால் தகடும் நேரமும் மிஞ்சும். தசையும் குறைவாகவே வெட்டப்படும். சத்திரசிகிச்சையைப் பொதுவாக முதல் மூன்று நாட்களுக்குள் செய்தால் என்பை நேர்ப்படுத்துவது எளிது. நோயாளி காலந்தாழ்த்தி அனுப்பப்படும் நாடுகளில் இதுவே பெருந்தடையாகலாம்.

விலை என்பது யாது?

உருக்குத் தகடு ஒன்றுக்கும் விலா என்புக்கான சிறப்புத் தகடு ஒன்றுக்கும் இடையிலான விலை வேறுபாட்டை உலோகத்தின் விலை கொண்டு விளக்க இயலாது. ஆராய்ச்சிச் செலவு, தர உறுதிப்பாடு என்பன அவ்விலையில் ஒரு பங்கு வகிக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காப்புரிமை, முகவர் தரகு, விளம்பரம், போட்டியின்மை ஆகியனவும் அவ்விலையில் அடங்குகின்றன. இவை இயற்கை விதிகள் அல்ல, சமூக ஏற்பாடுகள். ஆதலின் மாற்றத்தக்கவை.

இதற்குச் சான்றுகள் உள. 2017 பெப்ரவரியில் இந்திய அரசு, இதயக் குருதிக் கலன்களுட் பொருத்தப்படும் ஸ்டென்ட் எனும் வலைக்குழாய்க்கு உச்ச விலை விதித்தது. மருந்து பூசிய வகைக்கு 29,600 இந்திய ரூபா என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன்னர் நோயாளிகள் இதன் பன்மடங்கைச் செலுத்தினர். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்ச விலை விதிக்கப்பட்டது. அரசு தலையிடின் உடலுள் பதிக்கும் பொருள்களின் விலை இறங்கும் என்பதை இவை காட்டின.

வேறொரு வழியைச் ‘சைன்’ எனும் நிறுவனம் காட்டுகிறது. 1999 இல் லூயிஸ் சேர்க்கிள் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் தொடக்கிய இந்நிறுவனம், தொடை என்பு, கீழ்க்கால் என்பு ஆகியவற்றின் முறிவுக்கான உட்கோல்களைத் தானே செய்து, வளர்முக நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு இலவசமாக வழங்குகிறது. சத்திரசிகிச்சையின்போது எக்ஸ் கதிர்த் திரை இல்லாமலே குறுக்குத் திருகாணியைப் பொருத்தக்கூடியதாக அக்கோல் வடிவமைக்கப்பட்டுள்ளது. சத்திரசிகிச்சையாளர்கள் தாம் செய்த சிகிச்சைகளின் விபரங்களைப் பதிவுசெய்து அனுப்புகின்றனர். வளங்குறைந்த இடத்துக்கெனச் சிந்தித்து உருவாக்கப்படும் பொருள் தரங்குறைந்ததாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. விலா என்புக்கு இத்தகைய முயற்சி பரந்த அளவில் உருவாதல் வேண்டும்.

நமது நாட்டைப் பொறுத்தவரை, இவ்விடத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக விளங்கிய அவர், தேவையான மருந்துகளின் பட்டியலை வரையறுத்தல், வணிகப் பெயரை விடுத்து இயற்பெயராற் குறித்தல், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி ஒருமித்து வாங்குதல் என்னும் மூன்று நெறிகளை நடைமுறைப்படுத்தினார். 1977 இல் அவர் மறைந்தார்; அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. மருந்துக்குப் பொருந்திய இந்நெறிகள் தகட்டுக்கும் திருகாணிக்கும் பொருந்தாமைக்குக் காரணம் இல்லை. தகட்டுக்கும் தேவைப் பட்டியல் வகுக்கலாம். வணிகப் பெயருக்குப் பதிலாக அளவும் உலோகத் தரமும் குறித்துக் கேள்விப்பத்திரம் கோரலாம். பல வைத்தியசாலைகளுக்கு ஒருமித்து வாங்கலாம். 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகளும் உபகரணங்களும் அருகி, இலங்கையின் வைத்தியசாலைகளில் வழமையான சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்ட அனுபவம், இத்தகைய திட்டமிடலின் அவசியத்தை நமக்கு நன்கு உணர்த்தியது. இலவச வைத்தியசேவை நிலவும் இடத்திலும், கையிருப்பில் இல்லாத பொருளை நோயாளி வெளியே வாங்க நேரிடின், இலவசம் என்பது பெயரளவிலேயே எஞ்சும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். விலா முறிவுற்றோருள் பெரும்பாலோரைக் காப்பவை நோவகற்றி, நீர்முத்திரைக் குழாய், மூச்சுப் பயிற்சி, கவனமான தாதிமை ஆகிய எளிய சிகிச்சைகளே. இவற்றை நிலைநிறுத்தாது தகடுகளை வாங்குவது அடித்தளம் இல்லாது மேல்மாடி கட்டுவதை ஒக்கும். அதேவேளை, துவள் நெஞ்சுடைய ஒரு சிறு பகுதியினருக்குச் சத்திரசிகிச்சை உண்மையான தேவையாகும். அவர்களை ‘வசதியற்ற நாடு’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்குவது விஞ்ஞானமும் ஆகாது, அறமும் ஆகாது. கையிருப்பிலுள்ள உருக்குத் தகடுகளை, அவற்றின் குறைகளை அறிந்து, தகுந்த நோயாளியில், தகுந்த காலத்திற் பயன்படுத்துவது இன்றே இயலக்கூடியது. அவ்வாறு செய்யப்படும் ஒவ்வொரு சிகிச்சையின் விளைவையும், தளர்ந்த திருகாணியும் இடம்பெயர்ந்த கம்பியும் உட்பட, மறைக்காது பதிவுசெய்தல் நமது மருத்துவபீடங்களின் கடமையாகும். செல்வந்த நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெறப்பட்ட முடிவுகளை நாம் என்றும் இரவல் வாங்கிக்கொண்டிருக்க இயலாது.

லான்செற் இதழின் இன்னோர் ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பானதும் தாங்கக்கூடிய செலவிலானதுமான சத்திரசிகிச்சை எட்டவில்லை எனக் கணித்தது. இப்பெருந்தொகையினுள் விலா முறிவுற்றோர் ஒரு சிறு கூட்டத்தினரே. ஆனால் ஆறு மாதங்கள் சுமைதூக்க இயலாத ஒரு தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரியும் என்னும் வினா, அவருடைய நெஞ்சில் எத்தனை திருகாணிகள் இடவேண்டும் என்னும் வினாவினின்றும் பிரிக்கமுடியாதது. மலிவான சிகிச்சை என்பதற்கு ஏழைக்கெனத் தரங்குறைத்த சிகிச்சை என்று பொருள் கொள்ளலாகாது. தேவையற்றதை விலக்கித் தேவையானதை எவருக்கும் மறுக்காத சிகிச்சையே அப்பெயருக்குரியது. அதனை ஆக்குவதற்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. அதனைச் செயற்படுத்தும் சமூக ஏற்பாட்டை உருவாக்குவதே எஞ்சியுள்ள பணியாகும்.